குறை சொன்னவர்

திவாலான பேக்கரியின் சாமான்கள் அன்று பொது ஏலத்துக்கு வந்திருந்தன. வீட்டிலேயே கேக் செய்து விற்றுவந்த ஒரு பெண், முதல் கடை திறக்கும் ஆசையோடு பெரிய அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இடது பக்கம் சூடு கம்மிங்க. பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வைக்கணும்,” என்றார் அங்கே நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர்.

அவர் மனைவி அவர் கையைக் கிள்ளினாள். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்!”

அவர் கேட்கவில்லை. மாவு பிசையும் மெஷினுக்குப் புது பெல்ட் போட வேண்டும் என்றார். அலமாரிக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. “எல்லாரையும் விரட்டிட்டு, நீங்களே அடிமாட்டு விலைக்கு அள்ளிட்டுப் போகப் பாக்கறீங்களா சார்?”

“ஐயோ, நான் ஏலமே கேக்கக் கூடாதுங்க.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

அவர் தலைகுனிந்தார். மனைவிதான் பதில் சொன்னாள். “இது எங்க கடைம்மா. பதினாறு வருஷம் நடத்தினோம். நல்ல விலைக்குப் போனாத்தான் எங்க கடன் அடையும். இந்த மனுஷனுக்கு அது எங்க புரியுது?”

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். “அது தெரிஞ்சுமா இதெல்லாம் சொன்னீங்க?”

“தெரியாம வாங்கி நீங்க நஷ்டப்படக் கூடாதில்ல? ஒரு கடை மூடினது போதும்.”

“பொழைக்கத் தெரியாத மனுஷன்,” என்று முணுமுணுத்த மனைவி, தன் விரல்களை அவர் விரல்களோடு கோத்துக்கொண்டாள்.

ஏலம் தொடங்கியது. அடுப்புக்கு முதலில் உயர்ந்தது அந்தப் பெண்ணின் கைதான். விலை ஏற ஏற, அவள் கையை இறக்கவேயில்லை.