பைல் சார்ஜ் கிடையாது

"லோன் போட்டுத் தர்றதுக்கு பைல் சார்ஜுன்னு ஒரு ரூபா தர மாட்டேன். எழுதிக்கோப்பா."

ஆனந்தராஜ் மேசையைத் தட்டினான். எதிரே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த இளைஞன் அவசர அவசரமாக எழுதிக்கொண்டான்.

பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் ஆனந்தராஜ், 'வட்டியே இல்லை' என்ற பேச்சை நம்பி முன்பு ஒரு பைக் வாங்கியவன். கட்டி முடித்துக் கணக்குப் பார்த்தால் ஒன்றரை பைக்கின் விலை ஆகியிருந்தது. சாவிக்கொத்துக்குக்கூடத் தவணை போட்டிருந்தார்கள்.

"கார்லயும் ஏமாந்தீங்கன்னா அந்தக் கார்லயே படுத்துக்கோங்க" என்று மனைவி தீபிகா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் இரண்டு மாதம் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துவிட்டு ஷோரூமுக்கு வந்திருந்தான்.

"வட்டி பிளாட்டா, ரெட்யூசிங்கா?"

"அப்படி ரெண்டு இருக்குதுங்களா?"

"தெரியாத மாதிரி நடிக்காதப்பா. மாசாமாசம் அசல் குறையுது இல்ல? மீதி அசலுக்கு மட்டுந்தான் வட்டி. அடிக்கோடு போடு."

அடிக்கோடு விழுந்தது.

டீ கொண்டுவந்த பெண் இரண்டு கோப்பைகளையும் மேசையில் வைத்தாள். "வெயிட் பண்ண வெச்சதுக்கு சாரி சார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"இன்சூரன்ஸ் இங்கதான் எடுக்கணும்னு சட்டமா?"

"தெரியலீங்களே."

"கிடையாது. வெளியவும் விசாரிச்சுக்கினு எடுப்பேன். அப்புறம், பூர்த்தி பண்ணாத பாரத்துல கையெழுத்து போட மாட்டேன். லோன் சாங்ஷன் லெட்டர் கைக்கு வராம வண்டிய எடுக்க மாட்டேன்."

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார். கை வலிக்குது."

ஆனந்தராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பைனான்ஸ்காரனை இப்படிப் பெட்டிப்பாம்பாக அடக்கியவன் காஞ்சிபுரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? தீபிகாவுக்குப் போன் போட்டு, "ஆளு மூச்சே விடலம்மா" என்றான்.

பக்கம் நிரம்பிவிட்டது.

"சரி, கீழ கையெழுத்து போட்டு, சீல் வெச்சு எங்கிட்ட குடு."

இளைஞன் பேனாவை மூடினான். தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டான். பிறகு பவ்யமாகச் சொன்னான்:

"பைனான்ஸ்காரர் சாப்ட்டு வந்ததும் எனக்கும் சேத்து நீங்களே பேசிடுங்க சார், நானும் கார் வாங்கத்தான் வந்திருக்கேன்."