பத்தாவது எபிசோடு

வலியசாலை வீட்டு ஹாலில், டிவியின் நீல வெளிச்சம் சேஷன் அத்திம்பேரின் வழுக்கையில் விழுகிறது. உற்சவத்துக்கு வந்தவர், ஒரு கொலை சீரிஸில் மாட்டிக்கொண்டு, என் படுக்கையான சோபாவிலேயே தங்கிவிட்டார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று வீட்டு மாப்பிள்ளையைக் கேட்கும் வழக்கம் எங்களுக்கில்லை. கொலைகாரன் யாரென்று மூன்றாவது எபிசோடிலேயே தெரிந்துவிட்டது; அப்புறம் எல்லோரும் மழையில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பத்தாவதில் ஒருவழியாக விலங்கு மாட்டுகிறார்கள். “முடிஞ்சுதா அத்திம்பேர்?” என்கிறேன். “முடிஞ்சுதுடா சாய். நாலு எபிசோடு தாராளம். சும்மா வலிச்சு நீட்டிட்டான், கேட்டயா.” “இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமே, மாப்பிள்ளை” என்கிறாள் அம்மா, முகம் மாறாமல். அவர் கண் திரையில் அடுத்த சீரிஸின் படத்துக்குப் போகிறது. நான் டிவியை அணைக்கிறேன். “செரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்கிறார் அத்திம்பேர். அவர் எழுந்ததும் சோபா மெல்ல உப்பி, எங்களால் விட முடியாத பெருமூச்சை விடுகிறது.