எதிரே வந்தவர்

அவர் எதற்காகக் கையைத் தூக்கினார்? ஒரு வாரமாக இந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

கணவனின் பைக்கில் புது ஹெட்லைட் மாட்டிய அன்று இரவு, அவள் பின்னால் உட்கார்ந்து வர, குளத்தங்கரை வளைவில் எதிரே இன்னொரு பைக்கில் வந்தவர் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினார். "யாரோ தெரிஞ்சவர் போல, வணக்கம் வைக்கிறார்" என்று சிரித்தபடி கணவன் வண்டியை விரட்டினான். மறுநாள் அவரைக் குளத்திலிருந்து பிணமாக எடுத்தார்கள்.

"குடிச்சிருப்பான். அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியுற?" என்றான் கணவன். இன்று அவளையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் கடைக்கு வந்துவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் பவர் கூட்டுப்பா. ராத்திரி ரோடு பகல் மாதிரி தெரியணும்."

"இருக்கிறதே ஊருக்குப் போதும் சார். உயரம் மட்டும் பார்த்துடலாம். அந்தச் சுவர்கிட்டப் போய் நில்லுங்க."

மெக்கானிக் வண்டியில் உட்கார்ந்து விளக்கைப் போட்டான். வெளிச்சம் கணவனின் இடுப்பில் விழுந்தது.

"சரியாத்தான் இருக்கு. அக்கா, நீங்களும் பின்னாடி ஏறுங்க. ஆள் ஏறினா பின்பக்கம் அமுங்கும், லைட்டு மேல தூக்கும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். வெளிச்சம் எழும்பிக் கணவனின் கண்ணில் அடித்தது. அவன் சட்டென்று முகத்துக்கு நேரே கையைத் தூக்கினான்.

"என்ன சார், எனக்குப் போய் வணக்கம் வைக்கிறீங்க?" மெக்கானிக் சிரித்தான். "கொஞ்சம் இறக்கி வச்சிடுறேன்."

"அட, இறக்காதப்பா! என்ன வெளிச்சம்!" கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்த கணவன் சாவியை வாங்கிக்கொண்டான். அதற்குள் அவள் இறங்கி நின்றிருந்தாள்.

"ஏறு, போகலாம்."

"நீங்க போங்க. நான் நடந்தே வர்றேன்" என்றாள்.