வாளை விற்று வாங்கிய மாடு

"வாய்யா பண்ணையாரே, இத்த பாத்தியா? டிராகன் மேல ஏறிக்கினு பறக்கலாமாம்!"

நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் மோகன் பிடித்துக்கொண்டான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

நாங்கள் ஆன்லைனில் ஆடும் கேமின் அடுத்த பாகம் வரப்போகிறது. அதில் என்னென்ன இருக்கும் என்று வீடியோ விட்டிருக்கிறார்கள்.

கடல் சண்டை. பனிமலை. உலகம் முழுக்க உள்ளவர்கள் சேர்ந்து ஒரே கோட்டையை முற்றுகையிடலாம். நைட் ஷிப்ட் முடித்த கண்ணுக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாகத் தெரிந்தது.

"மெயின் மேட்டர் இன்னான்னா, மூஞ்ச காட்னாதான் உள்ளயே வுடுவான். ஒருத்தன் அக்கவுண்ட்ட இன்னொருத்தன் ஆடற வேலையெல்லாம் இனிமே நடக்காது."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"பழைய கேமு?"

"மூடிருவான். புதுசுக்கு இன்னிலேர்ந்தே பதிவு பண்ணலாம். பழைய சொத்தெல்லாம் எவன் மூஞ்ச மொதல்ல காட்றானோ அவனுக்கு. ஒரு வாட்டிதான், மாத்த முடியாது. உனுக்கு இன்னாடா கவல? ரெண்டு மாடும் ஒரு வயலும்தான கீது."

சிரித்துக்கொண்டே அவன் மேலும் சொன்னான். புதிதாக வருகிறவனுக்கு நிலம் கிடையாது. வேண்டுமானால் நிலம் உள்ளவனிடம் கூலிக்குச் சேரலாம்.

"கேம்ல போயி எவன்டா கூலி வேல செய்வான்?"

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

எல்லப்பனும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வேறு யாரும் இல்லை. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. எதற்குச் சண்டை என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. அது போதும்.

அவர் பகலில் மற்றவர்கள் வயலில் வேலை செய்கிறார். நான் ராத்திரி கம்பெனிக்குப் போகிறேன். கேமரா உள்ள போன் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாது. அதனால் பட்டன் போனோடு போவேன். நல்ல போன் வீட்டில் டிவி பக்கத்தில் கிடக்கும்.

போன வருஷம் ஒருநாள் காலையில் கேமைத் திறந்தால் என் வீரன் கையில் வாள் இல்லை. மாதக்கணக்கில் சண்டை போட்டு ஜெயித்த வாள். அதை விற்று ஒரு ஜோடி மாடு வாங்கியிருந்தது. கேம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் சும்மா கொடுக்கும் நிலம், நான் எட்டிக்கூடப் பார்க்காதது, உழுது கிடந்தது.

போனைச் சுவரில் அடிக்கப் போனேன். அப்போதுதான் வரப்பைப் பார்த்தேன்.

கோணலாக இருந்த வரப்பு நேராகியிருந்தது. மடை, தண்ணீர் தானாக இறங்கும் இடத்தில் இருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வயலுக்கு எங்கே மடை என்று எல்லப்பனுக்குத் தெரியும். அதில் ஒரு வயலும் அவருடையதில்லை.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பார்த்தே பழகியிருக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வீரனின் பையில் விதைநெல் வாங்கி வைத்தேன். காலையில் விதைத்திருந்தது. அதற்குப் பிறகு நான் உரம் வைத்துவிட்டுப் போனால் அவர் களை எடுத்திருப்பார். நான் சண்டையில் அடிபட்டுக் கிடந்தால் மறுநாள் பையில் மருந்து இருக்கும்.

எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதையும் இனி ஒரே ஒரு முகம்தான் பேச முடியும்.

வீட்டுக்குப் போனபோது எல்லப்பன் வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் பார்க்காமல் உள்ளே போனேன். டிவி பக்கத்தில் போன் முழு சார்ஜோடு கவிழ்ந்து கிடந்தது.

பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வட்டம் வந்தது. அதற்குள் என் முகம், எண்ணெய் வழிந்து, கண் சிவந்து. சட்டென்று விரலால் கேமராவை மூடினேன்.

வெளியே மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது. முதல் உதையில் அது கிளம்பாது.

போனோடு வாசலுக்கு வந்தேன்.

"நைனா. இத்த கொஞ்சம் பாரு."

அப்பாவைக் கூப்பிட்ட என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் திரும்பினார். போனைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். ரேஷன் கார்டுக்குப் படம் பிடிப்பது போல நிமிர்ந்து நின்றார்.

வட்டம் பச்சையானது.

"புது கேமு வருது. நெலம் இனிமே உன் பேர்லதான்."

அவர் மொபெட்டின் முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"மாடு?"

"அதுவும்."

துண்டை மறுபடி தலையில் கட்டினார். இந்த முறை மொபெட் கிளம்பியது. தெருமுனையில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன். வட்டத்துக்குள் என் முகத்தைக் காட்டினேன். என்னவாக வருகிறாய் என்று கேட்டது. வீரன், மந்திரவாதி, மாலுமி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் கூலியாள் என்று இருந்தது. யார் நிலத்தில் என்று கேட்டது. அந்த நேர் வரப்பு நிலத்தைக் காட்டினேன்.

நிலத்துக்காரர் முகம் காட்டிச் சம்மதிக்கும்வரை காத்திருக்கவும் என்றது.

அவர் வேலை முடிந்து வருவதற்குள் என் பஸ் வந்துவிடும். அந்தப் பக்கத்தை மூடாமல், போனை டிவி பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.