நீலம் இல்லாத கடல்

"கல்யாண நாள் பரிசுக்கு வேற படமே கிடைக்கலையா உனக்கு? நூத்தம்பது வருஷப் பழசு. கறுப்பு மையில அச்சடிச்ச கடல்! பார்த்தா தூக்கம்தான் வருது" என்று தங்கையைக் கடிந்துகொண்டார் அண்ணன்.

அவள் படத்தை ஹாலில் மாட்டினாள். ஆளில்லாத கடற்கரை, கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. அதே கடையில கலர் கலரா சூரிய அஸ்தமனம் தொங்குது."

மாப்பிள்ளை படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவியிடம் மெல்லக் கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமான முதல் வாரமே. சிவப்புப் புடவையில வந்து நின்னேன். இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்குன்னீங்க."

"இருபது வருஷமா ஏன் கேட்கலை?"

"நீங்க மறைச்சீங்க. சரி, இருக்கட்டும்னு உங்க சட்டை பேன்ட்டை ஜோடி சேர்த்து மடிச்சு வெச்சுட்டே வந்தேன்."

அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான், மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இந்த வீட்டுல, உங்க தங்கச்சி பார்க்கிறதை அப்படியே நானும் பார்க்கிற முதல் படம் இது."