முள்ளம்பன்றியின் கஷாயம்

மூட்டு தேய்ந்துபோன கிழட்டுக் கழுதை ஒன்று இருந்தது. முள்ளம்பன்றி வைத்தியர் காய்ச்சித் தரும் முடக்கத்தான் கஷாயத்தின் மேல் அதற்கு நம்பிக்கையே வரவில்லை. முடக்கத்தானை அது தினமும்தான் மேய்கிறது. முழங்கால் வலி ஒருநாளும் பறந்ததில்லை. ஆனால் கஷாயம் குடித்த கிழட்டு எருது கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது.

மறுநாள் கழுதை புதருக்குப் பின்னால் நின்று கவனித்தது. மாட்டாஸ்பத்திரிக் குப்பையில் பொறுக்கிய வெள்ளை மாத்திரைகளை முள்ளம்பன்றி கல்லில் நசுக்கிச் சட்டியில் போட்டது.

கழுதை நொண்டிக்கொண்டே எருதிடம் போனது. "அண்ணே, அது வெறும் மூலிகை இல்லை. வலி மாத்திரையைத் தூளாக்கிக் கலக்கிறான். வயிறு புண்ணாகிடும்."

எருது அசைபோடுவதை நிறுத்தவில்லை. "வயிறு கொஞ்ச நாளா எரியத்தான் செய்யுது. ஆனா நேத்து மேட்டுக் குளம் வரைக்கும் நடந்துபோய்த் தண்ணி குடிச்சேன். நீ கடைசியா எப்போ அங்கே போனே?"

கழுதை அந்தக் குளத்தைப் பார்த்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அது மெல்லத் திரும்பி நடந்தது.

சாயங்காலம் முள்ளம்பன்றியின் வளை வாசலில் போய் நின்று, சட்டியை நெடுநேரம் முகர்ந்து பார்த்தது.

"என்ன, சந்தேகமா இருக்கா?" என்றது முள்ளம்பன்றி. "உள்ளே என்னென்ன போட்டிருக்கேன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றது கழுதை. "அரைக் கிண்ணம் ஊத்துங்க."