பின் சீட்

மாடியில் குடியிருக்கும் விக்கி, தன் ஸ்போர்ட்ஸ் பைக்கைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் வேதாசலத்துக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

வாங்கிய புதிதில் அந்த பைக்கைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்தவன் அவன். பெட்ரோல் டேங்க் மேல் குப்புறப் படுத்தபடிதான் ஓட்டுவான். பின் சீட் ஒரு பலகைத் துண்டு மாதிரி உயரத்தில் நிற்கும்.

இப்போது ஹேண்டில்பார் உயர்ந்துவிட்டது. பின் சீட் அகலமாகிவிட்டது. அதற்கு மெத்தென்ற குஷன், முதுகுக்குச் சாய்மானம், பிடித்துக்கொள்ளக் கம்பி. போதாக்குறைக்குச் சக்கரத்தின் பக்கத்தில், சேலை மாட்டாமல் இருக்க ஒரு வலை!

"ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு எவனாவது சேலை வலை மாட்டுவானா?" என்றார் வேதாசலம் மனைவியிடம்.

"அவன் வண்டி. அவன் என்னமோ பண்றான்" என்றாள் சரோஜினி, காய் நறுக்கியபடியே.

வேதாசலம் விடவில்லை. சிட்லபாக்கத்தில் அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர். தாம்பரத்தில் விக்கி வண்டியைச் சர்வீஸுக்கு விடும் மெக்கானிக் துரையைத் தேடிப்போனார்.

"இன்னா சார் பண்றது, நல்லா இருந்த வண்டி" என்று அலுத்துக்கொண்டான் துரை. "தம்பி தனக்குன்னு ஒண்ணுமே கேக்கல சார். எல்லாம் பின்னாடி குந்துறவங்களுக்குத்தான். 'அண்ணா, நூத்தி முப்பது கிலோமீட்டர் போய் வரணும், அவங்களுக்கு முதுகு வலிக்கவே கூடாது'ன்னு பத்து வாட்டி சொல்லிச்சு."

"யாரு அவங்க?"

"கேட்டேன். சிரிச்சுகினே போய்டுச்சு."

வேதாசலத்துக்கு விளங்கிவிட்டது. சேலை கட்டுகிறவள், மரியாதையாக 'அவங்க', பெயரைச் சொல்ல முடியாதவள்.

"கல்யாணமான ஒருத்தியோட சுத்தறான். என் வீட்டு மாடியில இருந்துக்கிட்டு!" என்று அன்று இரவு சாப்பிடும்போது குமுறினார்.

சரோஜினியின் கை ஒரு கணம் நின்றது. "நீங்க பாத்தீங்களா?"

"பாக்கத்தான் போறேன். வீடியோ எடுத்து சங்கத்துல காட்டிட்டு, அன்னைக்கே காலி பண்ணச் சொல்றேன்."

விக்கி சனிக்கிழமைகளில்தான் வெளியே போகிறான் என்பது அவருக்குத் தெரியும். வாராவாரம் அன்று அவருக்கு மறைமலை நகரில், ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார். சரோஜினிக்கு செம்பாக்கத்தில் பஜனை.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டார். விக்கியின் பைக்கை செம்பாக்கம் ஏரிப் பக்கம் பார்த்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள். மதியத்திலிருந்தே அங்கே ஒரு டீக்கடை மறைவில் காத்திருந்தார்.

நாலரை மணிக்கு பைக் வந்தது.

பின்னால் ஒரு பெண். தலையில் முகம் மூடிய ஹெல்மெட். சேலைக்கு மேல் விக்கியின் ஜாக்கெட். அவன் வண்டியை நிறுத்தி, கை கொடுத்து, பதமாக அவளை இறக்கிவிட்டான்.

வேதாசலம் ஃபோனை உயர்த்தி வீடியோவை அழுத்தினார்.

திரையில் அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

சரோஜினி.

தெருவை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அவரைப் பார்த்ததும் விக்கியின் முகம் வெளிறியது. சரோஜினி அவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

"எங்கே போயிட்டு வர?"

"உத்திரமேரூர் தாண்டி, உங்க ஊருக்கு. உங்க அண்ணன் வீட்டுக்கு."

ஒன்பது வருடங்களுக்கு முன், ஊரில் வீட்டைப் பாகம் பிரித்தபோது கிணற்றடிச் சுவருக்காக அண்ணன் சுப்ரமணியனோடு சண்டை மூண்டது. 'செத்தாலும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன். என் பெண்டாட்டியும் மிதிக்க மாட்டா' என்று கத்திவிட்டு வந்தவர்தான் வேதாசலம்.

"அவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசமாச்சு" என்றாள் சரோஜினி. "உங்க அண்ணி கங்கம்மா அக்கா ஒருத்தியா அவரைப் புரட்டக்கூட முடியாம தவிக்கிறாங்க. சேதி வந்தன்னைக்கு மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். இவன் பாத்துட்டுக் கேட்டான். பஸ்ஸுல ரெண்டு இடத்துல மாறிப் போயிட்டு நீங்க வர்றதுக்குள்ள திரும்ப முடியாது. அந்த வாரமே கூட்டிட்டுப் போனான். வந்து ரெண்டு நாள் எனக்கு முதுகு நிமிரல. அதுக்கப்புறம்தான் வண்டியை இப்படி மாத்தினான். நாங்க மூணு பேருமா உங்க அண்ணனைத் தூக்கி உக்கார வெச்சுக் குளிப்பாட்டிட்டு வரோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டவரிடம் சரோஜினி மேலும் சொன்னாள்:

"உங்க அண்ணனுக்குப் பேச்சு போயிடுச்சுங்க. ஒரே ஒரு வார்த்தைதான் வருது."

"என்ன?"

"'வேதா.' நாங்க உள்ள நுழைஞ்சதும், எங்களுக்குப் பின்னாடி வாசலைப் பாத்துப் பாத்து அதையே சொல்றார்."

கையிலிருந்த ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேதாசலம் அதை அணைத்தார்.

"சார், மாசக் கடைசிக்குள்ள நான் வேற வீடு பாத்துக்கறேன். அம்மாவைத் திட்டாதீங்க" என்றான் விக்கி மெதுவாக.

வேதாசலம் பைக்கின் பக்கத்தில் போனார். பின் சீட்டின் குஷனை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே தம்பி... இது என் கனத்தைத் தாங்குமா?"